கிழங்கு இருக்கிறார்

ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு ஒரு பாய்ப்படகு இருந்தது. சரியாகச் சொன்னால் ஒரு படகில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. எந்த மூன்றில் ஒரு பங்கு என்பதில்தான் கடைசிவரை எங்களுக்குள் ஒத்துவரவில்லை. பாய்மரத்தை ஒட்டிய நடுப்பகுதி தன்னுடையது என்பார் வாத்தியார். அங்கேதான் அலை தெறிக்காது.

போருக்கு முன்னால் நான் மலாக்காவில், பண்டார் ஹிலிரில், ஒரு கிடங்கில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. ஜப்பான்காரன் வந்ததும் கிடங்கைப் பூட்டிவிட்டார்கள். பெட்ரோல் இல்லாமல் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஊரில் நகர்ந்தவை சைக்கிளும் மாட்டுவண்டியும்தான். அப்புறம் கடலில் பாய்.

அந்த யோசனையைக் கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். காஜா பெராங் செட்டிக் கம்பத்தைச் சேர்ந்தவர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் வழிவந்தவர், நில அளவை ஆபீசில் வேலை பார்த்தவர். எல்லாரும் அவரை அபாங் என்போம், மலாயில் அண்ணன். நெற்றியில் திருநீறு பட்டையாக இருக்கும், கோயில் திருவிழா ஒன்றையும் விடமாட்டார், ஆனால் தமிழ் கேட்டால் ஓரளவு புரியுமே தவிர, பேச வராது. அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய்தான், நடுநடுவே நம் சொற்கள் சில வந்து போகும். இங்கே அவர் பேச்சை நான் தமிழில் எழுதினாலும் அவர் பேசியதெல்லாம் மலாயில் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மூவரில் படகு ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவரே.

மூன்றாவது ஆள் வாத்தியார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். பள்ளி மூடியதும் டவுனுக்கு வந்து எங்கள் தெருவில் குடியிருந்தார். சுத்த சைவம், சாப்பாட்டிலும் சமயத்திலும்.

படகுக்கு மாவுச்சாக்குத் துணியில் பாய் தைத்தோம். காலையில் கரைக்காற்றில் கிளம்பி, தஞ்சோங் கிளிங் பக்கத்துக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு, பிற்பகல் கடல்காற்றில் மலாக்கா ஆற்றுக்குள் திரும்புவோம். ஆற்று முகத்துவாரத்தில் ஒரு ஜப்பான் சிப்பாய் நிற்பான். இதுதான் எங்கள் பிழைப்பு.

முதல் நாளே தகராறு தொடங்கிவிட்டது. காற்று வாங்கியதும் அபாங், "தாலி! தாலி! தாலியைப் பிடி!" என்று கத்தினார். மலாயில் தாலி என்றால் கயிறு. அது வாத்தியாருக்கும் நன்றாகத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே, "ஒருதரம் கட்டினதே போதும்பா" என்றார். கயிறு கைவிட்டுப் போய், பாய் என் தலையில் வந்து அடித்தது.

காற்று நின்றுபோகும் நாட்களில் பேச்சுக்கு அளவே கிடையாது. ஒருநாள் வாத்தியார் படகின் பக்கப்பலகையைத் தட்டிக்கொண்டே, "வெள்ளைக்காரன் கப்பலை அவள்ன்னான். நமக்கு அது அஃறிணை. படகு வந்தது, அவ்வளவுதான்" என்றார்.

அதை நான் மலாயில் அபாங்கிடம் சொன்னேன். அவர் சுக்கானை விடாமலே சொன்னார்: "எங்களுக்கு எல்லாமே தியாதான். அவனும் தியா, அவளும் தியா, படகும் தியா. இதுக்கு எதுக்குச் சண்டை?"

"இலக்கணம் இல்லாத ஊரு" என்று வாத்தியார் தமிழில் முனகினார்.

இன்னொரு நாள் படகை ஓட்டுவது யார் என்று வந்தது. "படகு ஓடுதுன்னா தன்வினை. அபாங் ஓட்டுறார்னா பிறவினை" என்றார் வாத்தியார்.

"அப்போ காத்து?" என்று நான் விடவில்லை. அந்த நாளில் எனக்கு வேதாந்தப் பித்து. வேலையில்லாத காலத்தில் சின்னச் சின்னப் புத்தகமாக நிறையப் படித்திருந்தேன். "காத்து, பாய், அபாங் எல்லாம் பாக்கறதுக்குத்தான் வேற வேற. உள்ளுக்குள்ள ஒண்ணுதான் வாத்தியாரே."

"ஒண்ணா? எப்படி ஒண்ணாகும்? பதி வேற, பசு வேற, பாசம் வேற. காத்து இறைவன். படகு உயிரு. இதோ இந்தக் கயிறு இருக்கே, இதுதான் பாசம். மூணும் மூணுதான்!" பாசத்தைக் காட்டுவதற்காகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். பாய் திரும்பியது. படகு அழகாக வளைந்து சேற்றுத் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் ஏறும்வரை மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். பாதி நேரம் கடந்த பிறகுதான் அபாங் வாயைத் திறந்தார்: "ஒண்ணோ மூணோ, இறங்கித் தள்ளப்போறது யாரு?"

இதற்கிடையில் வாத்தியார் நிப்பொங்கோ வகுப்பில் சேர்ந்தார். ஜப்பானிய மொழியை அப்படித்தான் சொல்வோம். கற்றுக்கொண்டால் மறுபடி வாத்தியார் வேலை கிடைக்கலாம் என்று ஆசை. ஒரு மாதத்தில் மனிதர் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

"அசப்புல தமிழ்தான் கிராணி! வினைமுற்று கடைசியிலதான் வருது. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் போன்னு சொல்றானா போகாதேன்னு சொல்றானான்னு தெரியாது."

"அறை விழுந்ததுக்கு அப்புறம்தான் தெரியும்" என்றேன்.

"இல்லைங்கறதுக்கு நாய்ம்பான். அதுக்காகக் கோவிச்சுக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, அவங்களுக்கும் திணை இருக்குது! உயிருள்ளது ஒரு இடத்துல இருந்தா 'இமாஸ்'. உயிரில்லாதது இருந்தா 'அரிமாஸ்'. நம்ம இருக்கிறார், இருக்கிறது மாதிரி. ஆனா ஆடுமாடு கோழிக்கும் இமாஸ்தான்."

"கோழிக்கும் உயர்திணையா?"

"அவங்க ஊருல கோழிக்கு மரியாதை" என்றார்.

அந்த மரியாதைதான் எங்களை மாட்டிவிட்டது.

அன்றைக்கு எட்டுச் சாக்குக் கிழங்கோடு திரும்பிக்கொண்டிருந்தோம். சாக்குகளை இந்தத் தடவை அபாங் தானே ஏற்றி அடுக்கினார். எங்களைத் தொடவிடவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை, வேலை மிச்சம் என்று பேசாமல் இருந்துவிட்டோம். காற்று சீராக இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வாத்தியாரே, செடிகொடியெல்லாம் ஓரறிவு உயிருன்னு நம்ம இலக்கணத்துலயே சொல்லுது இல்ல? அப்போ இந்தக் கிழங்குக்கு இமாஸா, அரிமாஸா?"

வாத்தியார் பதில் சொல்ல வாயெடுத்தார். முகம் மாறிவிட்டது. கிழங்குக்கு ஜப்பானியத்தில் இமோ என்று பெயர். "இமோ கா அரிமாஸ்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க" என்றார், ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

"அது அவங்க சொல்றது. உயிரு இருந்தா இமாஸ்னு நீங்கதான் சொன்னீங்க."

"பிடுங்கின பின்னாடி உயிரு ஏது?"

"நட்டா முளைக்குதே!"

"கிழங்கு முளைக்காது" என்றார் அபாங் சுக்கானிலிருந்து. நாங்கள் சாக்குகளையே பார்த்துப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று பிற்பாடுதான் புரிந்தது. "குச்சிதான் முளைக்கும். வேற ஏதாவது பேசுங்க."

நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை. முகத்துவாரம் வருகிறவரை அதே பேச்சுத்தான். அரிமாஸ், இமாஸ், அரிமாஸ், இமாஸ் என்று இரண்டும் வாத்தியார் வாயில் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

கரையில் நின்ற சிப்பாய் கையைக் காட்டினான். பாயை இறக்கி ஒதுங்கினோம். எழுந்து நின்று குனிந்து வணங்கினோம். படகில் நின்று குனிவது லேசான காரியமில்லை. துப்பாக்கியின் கத்தி முனையால் சாக்குகளைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டான்.

தான் படித்ததைப் பயன்படுத்த வாத்தியாருக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. நெஞ்சை நிமிர்த்தினார். தொண்டையைக் கனைத்தார். வகுப்பில் முதல் மாணவன் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்:

"இமோ கா இமாஸ்!"

கிழங்கு இருக்கிறார்.

சிப்பாயின் முகம் இறுகியது. சாக்குக்குள் யாரோ இருக்கிறார் என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம்? ஆளை ஒளித்துக் கொண்டுவருகிறார்கள் என்று அர்த்தம். ஏதோ கத்திக்கொண்டு ஒரே தாவில் படகுக்குள் குதித்தான். படகு ஆடியது. வாத்தியாருக்கு ஓர் அறை, பக்கத்தில் நின்றதற்காக எனக்கும் ஒன்று. எனக்குக் காது இரைந்தது. அவன் துப்பாக்கியைத் திருப்பி, கட்டையால் அடியிலிருந்த சாக்கு ஒன்றை இடித்தான்.

சாக்கு, "க்வாக்" என்றது.

சிப்பாய் மறுபடி இடித்தான். மறுபடி "க்வாக்". சாக்கின் வாயை அவன் பிரித்ததும் வெள்ளை வாத்து ஒன்று கழுத்தை நீட்டி, முதலில் சிப்பாயையும் பிறகு வாத்தியாரையும் பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கோழி வாத்து கொண்டுவரச் சீட்டு வேண்டும் என்று அப்போது உத்தரவு. எங்களிடம் சீட்டு இல்லை. நான் அபாங்கைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிப்பாயின் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். வாத்தியார் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல விரலை ஆட்டினான். "இமோ ஜா நாய்." வாத்தைக் காட்டினான். "அஹிரு. அஹிரு கா இமாஸ்." பிறகு, "இமாஸ், யோஷி" என்று வாத்தியாரின் தோளில் தட்டினான்.

நாய் என்றது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. வாத்தியாருக்கு முழுவதும் புரிந்துவிட்டது, அதுதான் அவருக்குக் கஷ்டமாகப் போயிற்று. அது கிழங்கு இல்லை, வாத்து என்று அவன் திருத்துகிறான். வினை சரி, பெயர்தான் தப்பு என்கிறான். அதாவது, இந்த ஆள் ஒளிக்காமல் உள்ளதைச் சொன்ன நேர்மையான மனுஷன், பாவம், வாத்துக்கு வார்த்தை தெரியவில்லை என்று முடிவுகட்டிவிட்டான்.

மூவரையும் வெயிலில் நிறுத்தி, "அஹிரு கா இமாஸ்" என்று பல தடவை சொல்லவைத்தான். எண்ணிக்கை நினைவில்லை. அபாங்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பிறகு பெரிய வாத்தை அவன் எடுத்துக்கொண்டு, சின்னதை எங்களிடம் விட்டு, போகலாம் என்று கையசைத்தான். அதைவிட அற்பக் குற்றத்துக்கு ஆட்கள் காணாமல்போன காலம் அது.

ஆற்றுக்குள் வந்ததும் முதலில் பேசியவர் வாத்தியார். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. "எனக்கு இமோ தெரியாதா? முதல் பாடத்துலயே வருது!"

"உயிர் தப்பிச்சோம் வாத்தியாரே."

"உயிரு கிடக்கட்டும். நான் தப்பு விட்டது வினையில. அதை அவன் சரின்னுட்டான். சரியாச் சொன்ன பெயரைத் தப்புன்னுட்டான். இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"ஆனா நீங்க சொன்னது உண்மைதானே. உள்ள உயிருள்ளது இருந்துச்சு, இருக்கிறார்னு சொன்னீங்க."

"தெரியாமச் சொன்னா அது உண்மையா? கிளிகூடத்தான் சொல்லும்."

"தெரிஞ்சவர் சொல்லவே இல்லையே" என்று நான் அபாங்கைக் காட்டினேன்.

அபாங் சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். அவருடைய அப்பாவுக்குப் பர்ச்சு வைக்க வேண்டும், இறந்தவர்களுக்கு அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போடும் படையல். அப்பாவுக்கு வாத்துக்கறி என்றால் உயிராம். போன வருஷம் வெறும் கிழங்கையே படைத்தாராம். "கிழவர் கனவுல வந்து ஒண்ணுமே பேசல, தம்பி. முகத்தைத் திருப்பிக்கிட்டார். சிக்குகிட்டச் சொன்னா வேணாம்னுதான் சொல்லுவார்." சிக்கு என்றால் மலாயில் வாத்தியார்.

வாத்தியார் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அதைக் கேட்டதும், மடியிலிருந்த வாத்தின் ஈரச் சிறகைத் துண்டால் துடைத்துவிட்டார்.

பர்ச்சு அன்றைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். வாழையிலையில் வாத்துக்கறி வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியே நின்றோம், அவர் அப்பா வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. அப்புறம் எங்களுக்குப் பரிமாறினார்கள். வாத்தியாருக்குத் தனியாகக் கத்தரிக்காய்.

"இப்போ இந்த வாத்து இமாஸா, அரிமாஸா?" என்றேன்.

"உயிரு போயிடுச்சு. அரிமாஸ்" என்றார் வாத்தியார் கத்தரிக்காயைப் பிசைந்துகொண்டே.

"உயிரு எங்கயும் போறதில்ல. எல்லாம் ஒண்ணு."

"அப்போ நீ உன்னையே சாப்பிட்டுக்கிட்டு இருக்கே. நல்லா சாப்பிடு."

அபாங் தன் மனைவிக்கு எங்கள் பேச்சின் சாரத்தை மலாயில் சொன்னார். அந்தம்மாள் சட்டியைச் சாய்த்துக் காட்டி, "தா ஹாபிஸ்" என்றார். தீர்ந்துபோயிற்று.

வாத்தியாருக்கு மட்டும் அந்தச் சிப்பாய் விஷயம் தீரவில்லை. தனக்குக் கிழங்கு தெரியும் என்று அவனுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றிருந்தார். அடுத்த பயணத்தில் கிழங்கைத் தவிர வேறெதுவும் ஏற்றக்கூடாது என்று அபாங்கிடம் சத்தியம் வாங்கினார். சாக்குகளைத் தானே இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். வழி நெடுக என்னைப் பேசவிடவில்லை. "இமோ கா அரிமாஸ்" என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முகத்துவாரத்தில் வேறொரு சிப்பாய் நின்றான். தலைவலியோ என்னமோ, நெற்றியைப் பிடித்தபடி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போ என்று கையை ஆட்டினான். ஒன்றுமே கேட்கவில்லை.

படகு நிற்காமல் ஆற்றுக்குள் நுழைந்தது. வாத்தியார் வாயைத் திறந்தபடி கரையையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்து அவர் கணுக்கால்வரை ஏறியிருந்தது. அபாங் காலிப் பால்டின் ஒன்றை நீட்டினார். வாத்தியார் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினார்.