கடைசிப் பெட்டிக்கு ஓடும் கீரைக்கூடைகள்

வில்லியனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாளே எனக்கு மண்டை குடைந்தது. ஊர் பிரெஞ்சுக்காரனுடையது, ரயில் இங்கிலீஷ்காரனுடையது, அதுகூடப் புரிந்துவிட்டது. காலை வண்டியில் புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் போகும் கீரைக்காரிகள்தான் புரியவில்லை. முன்பெட்டிகள் காலியாக வரும். இவர்களோ பிளாட்பாரத்தை விட்டு இறங்கி ஓடி, கடைசிப் பெட்டியில்தான் முண்டியடிப்பார்கள். பிளாட்பாரம் குட்டை, அந்தப் பெட்டி அதற்கு வெளியே வெறுந்தரையில் நிற்கும்.

ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டேன். "அதுங்க அப்படித்தான்பா. டிக்கெட்டக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றார்.

அந்த வாரமே விழுப்புரத்திலிருந்து வந்த ரயில்வே இன்ஸ்பெக்டர் கண்ணில் இது பட்டது. "எவளாவது விழுந்து செத்தா யார் பதில் சொல்றது? அந்தக் கோடியில வேலி போடுங்க!"

போட்டோம். மறுநாள் எல்லாரும் பிளாட்பாரத்திலேயே ஏற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கூடையையும் தலையிலிருந்து இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கன்னியம்மா என்பவளின் கூடையைத் தோழிகள் உள்ளே வாங்கி வைத்தார்கள்; அவள் ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"ஐயோ, எங்கீர போவுதே!" என்று பின்னாலேயே ஓடினாள். அடுத்த வண்டி மத்தியானம்தான். அவள் போய்ச் சேர்ந்தபோது வாடிக் கிடந்த கீரையை மாடுதான் தின்றது.

மறுநாள் அவள் வந்ததும் கேட்டேன். "கீழ நின்னு ஏர்றதுல அப்படி இன்னாம்மா இருக்கு?"

"கீழ நின்னா பொட்டி நெஞ்சு ஒசரம் சாமி. லேசா குனிஞ்சா கூடை தானா உள்ள பூடும், ஒருத்தர் கை வேணாம். மேடையில நின்னா பொட்டி காலாண்டதான இருக்குது? இன்னொரு நாளு இப்டி ஆனா புள்ளைங்களுக்கு இன்னாத்த வடிப்பேன்?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்து சைடிங் தண்டவாளத்தில் நின்ற காலிப் பெட்டி முன்னால் தரையில் நின்று, அவள் கூடையை என் தலையில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தேன். சர்ரென்று உள்ளே போயிற்று. சிரிப்பு தாங்கவில்லை எனக்கு. ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னேன்.

அவர் தாடையைச் சொறிந்தார். "வேலி போடச் சொன்னாரு, போட்டாச்சு. வண்டிய எங்க நிறுத்தணும்னு அவரு சொல்லலியே?"

அன்று மாஸ்டரின் கொடியைப் பார்த்து டிரைவர் வண்டியை ஒரு பெட்டி நீளம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இப்போது முதல் பெட்டி, பிளாட்பாரத்தின் மறுகோடியைத் தாண்டி வெறுந்தரையில் நின்றது. அங்கே வேலி இல்லை. கூடைகள் வரிசையாக வழுக்கி உள்ளே போயின. கன்னியம்மாவும் ஏறி உட்கார்ந்தாள்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்: ஜனங்கள் கோணலான இடத்தில் நின்றால், விரட்டுமுன் ஏன் என்று விசாரியுங்கள்.

அன்று வண்டி கிளம்புமுன் கன்னியம்மாவின் ஜன்னலருகே போய்க் கேட்டேன். "ஏம்மா, இத இன்ஸ்பெக்டர்கிட்டயே சொல்லியிருக்கலாமில்ல?"

"எங்கள யாரு சாமி கேட்டாங்க?" என்றாள்.