தனக்கோடி மோந்து பார்த்தாள்

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் தனக்கோடி ஒரு மீனும் வாங்கமாட்டாள். லைட்ஹவுஸ் குப்பத்தில் சொந்தத் தம்பியின் படகு கரையேறினாலும் அதே கதைதான். செவுள் வெளுத்திருந்தால் பழைய மீன். அளவுக்கு மீறிச் சிவந்திருந்தால் எவனோ ரத்தம் பூசியிருக்கிறான். பெற்ற தாயையும் நம்பாத பிறவி என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்படிப்பட்டவளுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். ரத்தமாய்ப் போய்ப் போய் ஆளே பாதியாகிவிட்டாள். எந்த மாத்திரையும் நிலையாகக் கேட்கவில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் வந்து சேர வயிற்றுக்கு வெளியே பை வைத்துவிடலாம் என்றார் சென்னை டாக்டரம்மா.

வெட்டுவதிலேயே குறியாக இருக்கிறார்கள் என்று தனக்கோடிக்குச் சந்தேகம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பொன்னேரி சந்தையில் அந்தப் பை நாறினால் அவளிடம் யார் மீன் வாங்குவார்கள்?

புருஷன் சிங்காரம் ஒரு வைத்தியரிடம் சூரணம் வாங்கிவந்தான். "சுத்த மூலிகைமே. இங்கிலீஸ் மருந்து துளி கெடையாது."

சாப்பிட்டாள். சீக்கிரமே ரத்தம் நின்றது, பசித்தது. சிங்காரம் மீசையை முறுக்கினான். அவளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஒருநாள் தலை வாரும்போது கண்ணாடியைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உப்பி, முகம் ஆப்பம் மாதிரி இருந்தது. முன்பு ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தபோதும் இதே முகம்தான் வந்தது.

"யோவ், இந்தச் சூரணத்துக்குச் செவுள்ல ரத்தம் பூசிக்கீறான்யா."

முந்தானையில் சூரணத்தை முடிந்துகொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். சோதித்ததில் ஸ்டீராய்டு இருந்தது. "திடீர்னு நிறுத்தக் கூடாது, நான் கொஞ்சங்கொஞ்சமா குறைக்கிறேன். ஆபரேஷனை இனிமே தள்ளாதீங்க" என்றார் அவர்.

வைத்தியன் ஏமாற்றியது உண்மைதான். அதற்காக இந்தம்மாவை மட்டும் நம்பிவிடுவதா?

"பை வச்ச ஆள் ஒருத்தர எனக்குக் காட்டுங்கம்மா."

அடுத்த முறை போனபோது ஜமுனா என்ற தையல்காரி காத்திருந்தாள். பை வைத்துப் பல வருஷமாம். டாக்டரம்மா கதவைச் சாத்தினார். ஜமுனா சேலையை விலக்கிக் காட்டினாள். தனக்கோடி குனிந்து, மீனை மோந்து பார்ப்பதுபோல மோந்தாள்.

ஜமுனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாக்கா, நாறுதா?"

"மொதல்ல தலையில கீற மல்லிப்பூவ எடு."

ஜமுனா பூவை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். தனக்கோடி மறுபடி குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எப்பம்மா வந்து படுக்கணும்?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள்.