டிக்கெட் எடுக்காத ‘ய’

எண்பதுகளில் சுப்பையா முதலாளியின் பஸ்ஸில் ஆண்டிச்சாமிதான் கண்டக்டர். கொடைக்கானலிலிருந்து வில்பட்டிப் பக்கம் இறங்கும் வழியில் பள்ளம், ஓடை, ஆசாரிகடை, இறக்கம் என்று அடுத்தடுத்து நான்கு ஸ்டாப். நான்குக்கும் நான்கு தரம் வாய் திறக்க அவனுக்குச் சோம்பல். முதல் வளைவில் பிடித்தானென்றால் ‘பள்ளமோ...டையா...சாரிகடையி...றக்கம்’ என்று சரிவு முடியும்வரை இழுப்பான். பள்ளத்தின் ‘ம்’ ஓடையின் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஓடைக்கும் ஆசாரிக்கும் நடுவே டிக்கெட் எடுக்காத ஒரு ‘ய’ தொற்றிக்கொள்ளும். கைக்குழந்தைக்கே வயசு கேட்கிற மனுஷன், அதை மட்டும் ஒரு நாளும் இறக்கிவிட்டதில்லை.

எங்களுக்கும் அதுதான் வசதி. காய் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள் ஏறியதுமே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். ‘மோ’ கேட்டால் ஓடைக்காரிகள் கூடையைத் துழாவுவார்கள். ‘யா’ கேட்டால் ஆசாரிகடைக்காரிகள். கண் திறப்பது படிக்கட்டில்தான். நானும் அப்படித்தான் இறங்குவேன்.

ஒரு சீசனில் மெட்ராஸ்காரர் ஒருவர், இவன் சொல்வது விளங்காமல் ஸ்டாப்பைத் தவறவிட்டு, முதலாளியிடம் போய்க் குதித்தார்.

“ஏலே, ஒவ்வொண்ணா நிறுத்திச் சொல்லு. இன்னொரு புகார் வந்துச்சுன்னா, பையக் குடுத்துட்டு வேற சோலி பாத்துக்க” என்றார் சுப்பையா.

புதுசாகக் கல்யாணமானவன், அரண்டுபோனான். மறுநாள் சாயங்காலம் “பள்ளம்” என்றான், நிறுத்தினான். “ஓடை” என்றான், நிறுத்தினான். சுத்தமான தமிழ் என்று டிரைவர் பிறகு சொன்னார். பஸ்ஸில் ஒரு தலை அசையவில்லை. உச்சரிப்பிலேயே குறியாக இருந்த மகராசன் யாரும் இறங்காததைக் கவனிக்கவே இல்லை.

கடைசி ஸ்டாப் முதலாளி வீட்டு வாசல். அங்கேதான் ஓடைக்கார வேலுத்தாய் கண் விழித்தாள்.

“பாவி, எங்கன கொண்டாந்து போட்டிருக்க?”

அத்தனை பெண்களும் கூடையோடு இறங்கி ஏசித் தீர்த்தார்கள். சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். ஆண்டிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அவனாகவே தோல்பையைக் கழற்றினான். முதலாளி கை நீட்டினார்.

வேலுத்தாய் குறுக்கே வந்து நின்றாள்.

“வாங்கிக்கங்க மொதலாளி. நாளையிலருந்து என்னையத் தெனமும் எழுப்பிவிட நீங்கதான் வரணும்.”

முதலாளியம்மா கரண்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தார். முதலாளி நீட்டிய கையை அப்படியே பஸ் பக்கம் திருப்பினார்.

“எல்லாரும் ஏறுங்க, வெரசா! ஏலே, நாளையிலருந்து எப்பயும்போலக் கூப்புட்டுத் தொலை!”