கண்மூடியின் சுண்டுவிரல்

அந்தத் தெருவில் வாயைத் திறந்தால் தோல்தான். ஆண்கள் வேலைக்குப் போகிற இடம் தோல்மண்டி, முதுகில் சுமப்பது ஈரத்தோல். பிள்ளை அடம் பிடித்தால் பெற்றவள், "தோலை உரிச்சுத் தொங்கவிட்டுருவேன்" என்பாள். எவ்வளவு திட்டினாலும் உறைக்காத புருஷன் எருமைத்தோல். காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் எலும்பும் தோலும். பழம் வாங்கினால் தோல் கனமா என்று பார்ப்பார்கள், பெண் பார்க்கப் போனால் தோல் என்ன நிறம் என்று பார்ப்பார்கள். மனிதன், மாடு, பழம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதிலும் தடுமாறியதில்லை. மாட்டுத் தோலில் இருக்கிற ஊசிமுனைக் குறையைக்கூடக் கண்டுபிடிக்கிற ஒரு மனிதர்தான் தன் தோல் விஷயத்தில் ஏமாந்துபோனார்.

அவரைக் கண்மூடி என்பார்கள். மண்டியில் தரம் பிரிப்பவர். பதனிட்டு உலர்ந்த தோலை மேசைமேல் விரித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையைச் சாய்த்துப் பிடித்து, சுண்டுவிரல் ஓரத்தால் கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பு இழுப்பார். மற்ற விரல்கள் தோலைத் தூக்கிப் போட்டுக் காய்த்துப்போயிருக்கும், அந்த ஓரம் மட்டும்தான் குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கும். அதனால் அந்த மேசையில் நிற்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் நம்புவார்கள். உரிக்கும்போது கத்தி பட்ட கீறல், உண்ணி கடித்த குழி, மெலிந்த இடம், எதுவும் தப்பாது. முதல் தரம், இரண்டாம் தரம் என்று சாக்பீஸால் குறி போட்டு நகர்த்திவிடுவார். அவர் குறி போட்ட தோல் திரும்பி வந்தது என்ற பேச்சே கிடையாது.

அவருக்கு முன்னால் அந்த மேசையில் நின்றவர் அவருடைய அம்மாவின் அக்கா புருஷன். அந்தப் பெரியப்பாவுக்கு மூன்றும் பெண்ணாகப் போனதால் இடம் இவருக்கு வந்தது. பெண்டாட்டியும் வெளி இடத்துக்காரி இல்லை, அதே மண்டியில் மயிர் கழல தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவரின் மூத்த மகள். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அந்தத் தம்பி வளர்ந்து அதே மண்டியில் கட்டுக்காரன் ஆனான். மாமன் குறி போட்ட தோல்களைச் சுருட்டிக் கட்டி, முதுகில் ஏற்றி வண்டியில் அடுக்குவது அவன் வேலை. கல்யாணமாகித் தனிவீடு போன பிறகும் பாதிச் சோறு அக்கா வீட்டில்தான்.

"மாமா, எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் கண்ணை மூடிக்கிட்டுதான் இருந்தீங்களா?" என்பான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"திறந்து பார்த்திருந்தா நீ எனக்கு மச்சானா வந்திருப்பியாடா?"

"ரெண்டு பேருக்கும் நாளையிலேர்ந்து சோறு கிடையாது" என்பாள் அவள். மறுநாளும் மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள்.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் கண்மூடியின் முன்னங்கையில் வெளிறிய திட்டு ஒன்று வந்தது. மண்டியில் அது யாருக்கு இல்லை? சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்தால் தோல் வெளுக்கும், சொரசொரக்கும், சில நாள் மரத்தும் இருக்கும். சுண்ணாம்புக் கடி என்று பெயர் வைத்து, எண்ணெய் தடவி மறந்துவிடுவார்கள். இவரும் எண்ணெய் தடவினார். பெண்டாட்டி ஒருநாள் கொதிக்கக் கொதிக்க டீ கொடுத்தபோது டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் சுண்டுவிரலில் கொப்புளம்.

"சுடலையா உங்களுக்கு?"

"எருமைத்தோல்னு நீதானே சொல்லுவே" என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

அதற்கு அப்புறம்தான் ஒரு தோல்கட்டு மண்டிக்குத் திரும்பி வந்தது.

செருப்புக் கம்பெனிக்காரன் அனுப்பிவிட்டான். முதல் தரம் என்று குறி போட்ட தோல்களில் பாதி, அச்சில் ஏற்றி இழுத்ததும் பிளந்துகொண்டதாம். மேனேஜர் ஒன்றை விரித்துக் காட்டினார். அடிப்பக்கம் கத்திக் கீறல் கோடு கோடாக ஓடியிருந்தது.

"கண்மூடி கை தப்பாது. அது எனக்கும் தெரியும், இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அப்போ நடுவுல யாரோ நல்ல தோலை எடுத்துட்டு இதைச் சொருகியிருக்கான். கட்டுக் கட்டினது யாரு?" என்றார்.

கட்டுக்காரன் முன்னால் வந்தான். "நான்தான் சார். குறி போட்டிருந்ததைக் கட்டினேன். குறியைப் பாருங்க, மாமா போட்டதுதான்."

"சாக்பீஸ் உனக்குக் கிடைக்காதா? கண்மூடி, நீங்க சொல்லுங்க. இது உங்க குறியா?"

கண்மூடி குனிந்து பார்த்தார். கோட்டின் கடைசியில் தன் கை எப்போதும் விடுகிற சிறு வளைவு அப்படியே இருந்தது. அந்தக் கணத்தில் அவருக்கு டம்ளரும் கொப்புளமும் ஞாபகத்துக்கு வந்தன.

"பார்த்தா... உறுதியா சொல்ல முடியலை சார்" என்றார்.

அவ்வளவுதான். கட்டுக்காரனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தோலைத் திருடினவன் என்ற பேர் அவன் வீட்டுக்குப் போவதற்குள் தெருவுக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மண்டியின் பின்பக்கச் சுவரில், பூசாத செங்கல்மேல், கண்மூடி தன் கை ஓரத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். ரத்தம் கசிந்தது. ஒன்றும் தெரியவில்லை. அடுத்தவர் கையைச் சுவரில் தேய்ப்பதுபோல் இருந்தது.

அவருடைய அம்மாவுக்குக் கடைசித் தம்பி ஒருவர் இருந்தார். விரல்கள் மடங்கி, பாதம் தேய்ந்து, கடைசியில் ஒரு தகரக் கொட்டகையில் தனியாகக் கிடந்து செத்தவர். அம்மா கூடப்பிறந்தவர்களைச் சொல்லும்போது அந்தத் தம்பியை விட்டுவிட்டுத்தான் சொல்லுவாள். கல்யாணம், சாவு எதற்கும் அவர் பெயர் வாயில் வராது. உயிரோடு இருக்கும்போதே ஒரு ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர் கண்மூடி. மச்சான் திருடன் என்று பேர் வாங்கினால் வேறு மண்டியில் பிழைத்துக்கொள்வான், தனக்கு அப்படி ஒரு வேறு மண்டி கிடையாது என்று அவர் மனசு கணக்குப் போட்டது. கணக்குப் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

பெண்டாட்டி விடவில்லை. இரண்டு நாள் கழித்து ராத்திரி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க கை தப்பாதுன்னா என் தம்பி திருடன். என் தம்பி திருடன் இல்லேன்னா உங்க கை தப்பு. ரெண்டுல எது?"

"ரெண்டும் இல்லாம வேற ஏதாவது இருக்கும்."

"வேற என்ன? தோலு தானா எழுந்து நடந்துபோய் மாறிக்கிச்சா?"

அவர் சோற்றில் கை வைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். செங்கல்லில் உரசிய புண் காயாமல் இருந்தது. மேலே சட்டைக்கையை ஏற்றினாள். திட்டு பெரிதாகியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"இது?" நகத்தால் கிள்ளினாள்.

"இல்ல."

அவள் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடிலேர்ந்து. சுண்ணாம்புக் கடின்னு நெனச்சேன்."

"சரி, அப்போ அப்படி நெனச்சீங்க. அவனைத் துரத்தினாங்களே, அன்னிக்கும் அப்படித்தான் நெனச்சீங்களா?"

அவள் கையைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் மண்டியில் மேசைக்குப் போகாமல் நேராக மேனேஜர் அறைக்குப் போய் நின்றார். "நல்ல தோல் ஒண்ணும், திரும்பி வந்த தோல் ஒண்ணும் எடுத்துட்டு வாங்க சார். மாத்தி மாத்திப் போடுங்க. நான் எதுன்னு சொல்றேன்."

மேசையைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். ஏதோ வித்தை காட்டப்போகிறார் என்றுதான் நினைத்தார்கள். விரித்தார்கள். கண்ணை மூடி, கையைச் சாய்த்து இழுத்தார். "முதல் தரம்." யாரோ சிரித்தார்கள். அடுத்தது. "இதுவும் முதல் தரம்." அந்தத் தோலில் டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரிகிற கீறல். சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது.

"எல்லாமே ஒண்ணாத்தான் சார் இருக்கு எனக்கு. அந்தக் கட்டுல இருந்தது என் குறிதான். அவன் எதையும் மாத்தலை" என்று சொல்லிவிட்டு, சட்டைக்கையை ஏற்றிக் காட்டினார்.

மேசையை ஒட்டி நின்றவர்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள். தண்ணீர்ப் பானைமேல் இருந்த டம்ளரை ஒருத்தன் சத்தமில்லாமல் எடுத்து உள்ளே வைத்தான். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

கட்டுக்காரனை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். வாசலிலேயே மாமனைப் பார்த்தான். மன்னிப்பு, சமாதானம் எதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அன்னிக்கு அந்தக் குறியைப் பார்த்தப்பவே உங்களுதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"போதும்" என்று திரும்பி நடந்தான். மண்டிக்குள்ளும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா பஞ்சைத் திரித்து அவர் கையில் அங்கங்கே தொட்டாள். தொடுவது தெரிந்தால் இடத்தைக் காட்டச் சொன்னாள். திட்டிலும் சுண்டுவிரலிலும் அவர் காட்டவே இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டுப் போன பிறகு அவளே உட்கார்ந்து விளக்கினாள்.

"தொழுநோய்தான். பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு. நடுவுல விடாம சாப்பிட்டா நோய் குணமாயிடும். ஆரம்பிச்சுட்டாலே அடுத்தவங்களுக்குத் தொத்தாது. யாரும் உங்களை ஒதுக்கவும் வேண்டாம், நீங்களா ஒதுங்கவும் வேண்டாம்."

"விரல்ல தொடுறது திரும்பத் தெரியுமாம்மா?"

"போன உணர்ச்சி வருமான்னு சொல்ல முடியாதுங்க. இன்னும் முன்னாடியே வந்திருந்தீங்கன்னா..." என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, "கூடவே இருந்து பழகினவங்களையும் சோதிச்சுப் பார்க்கணும். வீட்ல யாரு யாரு?" என்றாள்.

"நான்தான்" என்றாள் பெண்டாட்டி. அவளை அங்கேயே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. வெளியே வந்து படியில் நின்றவள் மெதுவாகச் சொன்னாள்: "என் தம்பி பேரைச் சொல்லலை நான். ஏற்கெனவே திருடன்னு பேர் வாங்கினவனை இதுக்கும் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே போய் இங்க வரச் சொல்லிக் கூப்பிடுங்க."

போனார். அவளும் பின்னாலேயே போனாள். கதவைத் திறந்தவன் உள்ளே வரச் சொல்லவில்லை. நடுவாசலில் நிற்கவைத்தே கேட்டான். நர்சம்மா சொன்னதை அவர் சொல்லி முடித்ததும் அவனுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"முதல்ல திருடன் ஆக்கினீங்க. அது ஆறலை, இப்ப வியாதிக்காரன் ஆக்க வந்துட்டீங்களா? என் பொண்டாட்டி உள்ள இருக்கா, மெதுவாப் பேசுங்க."

"டேய், உன் நல்லதுக்குத்தாண்டா" என்றாள் அக்கா.

"நல்லதுக்கா? நல்லாப் பார்த்துக்கோங்க." சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெயிலில் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். "இந்தாங்க தோலு. தரம் பிரிச்சுட்டுப் போங்க."

தோல்கட்டு சுமந்து சுமந்து காய்த்த முதுகு. எத்தனையோ பழைய தழும்பு. இடது தோள்பட்டைக்குக் கீழே வெளிறிய இடம் ஒன்று, அரை உள்ளங்கை அகலம். சுண்ணாம்புக் கடியாகவும் இருக்கலாம். கண்மூடி பெண்டாட்டியைப் பார்த்தார். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உணர்ச்சி போகாத ஆள்காட்டி விரலை எடுத்து அந்த இடத்தின் நடுவில் வைத்து லேசாக அழுத்தினார்.

"என்ன பேச்சையே காணோம்?" என்றான் கட்டுக்காரன், திரும்பாமலே. "தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க. தொடக்கூட பயமா?"

அக்காள்காரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். கண்மூடி விரலை எடுக்கவில்லை.

"தொட்டுக்கிட்டுதான்டா இருக்கேன் மாப்ளே" என்றார்.

அவன் அப்படியே நின்றான். உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி, யாருங்க வந்திருக்கிறது என்று கேட்டாள். அக்காள்காரி கீழே கிடந்த சட்டையை எடுத்து உதறினாள். சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல ஒவ்வொரு கையாக நுழைத்து, பொத்தானையும் போட்டுவிட்டாள்.

"கிளம்புடா" என்றாள்.

எங்கே என்று அவன் கேட்கவில்லை. மூவரும் இறங்கி நடந்தார்கள். மாமன் பக்கத்தில் நடக்காமல், அக்காவுக்கு அந்தப் பக்கமாகப் போய் நடந்தான்.