இரண்டு குழாய்க்கும் ஒரே பாட்டு

மருமகளின் கணினி மேசையில், மவுசுக்குப் பக்கத்தில், ஒரு பழைய வால்யூம் திருகு கிடக்கிறது. ஏதோ ஒரு வால்வு ரேடியோவிலிருந்து கழற்றியது. மூன்று கால்கள், ஒரு காலில் மட்டும் விரல் நீளத்துக்குச் சிவப்பு வயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதும் சுற்றும். உள்ளே மணல் புகுந்ததால் கரகரவென்று சத்தம் வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, எதற்கு இந்தக் குப்பை என்று கேட்பார்கள். என் கல்யாணமே இதனால்தான் நடந்தது என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உண்மை அதுதான்.

இதைக் கழற்றி என்னிடம் தந்தவர் என் அத்தான், மூத்த அக்காளின் வீட்டுக்காரர். கீழவைப்பாரில் மைக் செட் வைத்திருந்தார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு கைதட்டு தட்டிக் காதைச் சாய்த்து எதிரொலி கேட்பார். சாவு விழுந்த துட்டி வீட்டிலும் அப்படித் தட்டி, அக்காளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். நான் அப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். வின்ச்சில் இருப்பவனுக்குக் கப்பலின் அடிவயிற்றில் கிடக்கும் சரக்கு தெரியாது. விளிம்பில் ஒருவன் நின்று கையைக் காட்டுவான். உள்ளங்கை மேலே போனால் தூக்கு, கீழே போனால் இறக்கு, விரல்களை முட்டியாக மடக்கினால் நில். அவன் கைதான் என் கண். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். நான் எதையும் சுற்றித்தான் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், யாரும் என்னை நேராகச் சொல்லப் பழக்கவில்லை.

எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்ட வேண்டும். ஒன்று மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, ஒன்று பெண் வீட்டைப் பார்த்து. ஒரே உயரம், ஒரே சத்தம். ஒரு சாண் கூடக் குறைய இருந்தால் பந்தியில் பேச்சு வந்துவிடும். என் கல்யாணத்தில் இரண்டு வீடும் அடுத்தடுத்த தெருவில் இருந்தன. இரண்டு தெருவும் மாதா கோயில் முக்கில் வந்து சேரும். பழைய செட்டை வேறொரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு, அத்தான் எனக்கென்று புதிதாக ஒரு ஸ்டீரியோ டேப் செட்டைக் கொண்டுவந்தார். "இதுல ரெண்டு பக்கமா பாட்டு வரும்லே மாப்ள. ஒனக்குத்தான் மொதப் போணி" என்று, குழந்தையைக் காட்டுவதுபோலத் துணியை விலக்கிக் காட்டினார். இரண்டு பக்கம், இரண்டு குழாய். ஒரு பக்கத்து வயரை எங்கள் தெருவுக்கும் மறு பக்கத்து வயரைப் பெண் தெருவுக்கும் இழுத்தார். ஊரில் வேறு எவராக இருந்தாலும் அப்படித்தான் இழுத்திருப்பார்கள்.

காலையில் முதல் பாட்டைப் போட்டார். எங்கள் தெருவில் குரல் கணீரென்று வந்தது. அக்காள் முகம் மலர்ந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் என் மாமனார் தோளில் துண்டோடு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஏலே, ஒங்க தெருவுக்கு மட்டும் பாட்டுப் பாடுதான். எங்க தெருவுல வெறும் கொட்டுதான் கேக்கு. எங்க வீட்டுல என்ன எளவா விளுந்திருக்கு?"

அந்தக் காலத்து ஸ்டீரியோப் பாட்டு அப்படி. குரலை ஒரு பக்கமும் கொட்டையும் வயலினையும் மறு பக்கமும் தள்ளி வைத்திருப்பார்கள். அறையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைத்துக் கேட்டால் தெரியாது. தெருவுக்கொன்றாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்குக் கல்யாணம், ஒரு வீட்டுக்கு இழவு. அத்தான் அவசரத்தில் வயரை மாற்றிச் செருகினார். இப்போது கொட்டு எங்கள் தெருவுக்கு வந்தது. "பொண்ணு வீட்டுக்காரன் ஏசினான்னா என் தம்பிக்கா கொட்டடிக்கிய?" என்று அக்காளே அவர் மேல் பாய்ந்தாள்; வயர் பழையபடிக்கே திரும்பியது. மாமனார் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "கோயில் மணி அடிக்கதுக்குள்ள பாட்டு வரணும். வரலைன்னா பொண்ணு வாசப்படி தாண்டாது." அவர் சொன்னால் சொன்னதுதான். மூத்த மகள் கல்யாணத்தைப் பந்தி வரை வந்து நிறுத்தியவர்.

அத்தான் எங்கள் வாசலில் இருந்த செட்டுக்கு முன்னால் குந்தினார். சாமான் பெட்டியைக் கவிழ்த்து இந்தத் திருகை எடுத்தார். டேப்பிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் இரண்டு வயருக்கும் நடுவே பாலம் போல அதைக் கட்டினார். "மொத்தமாச் சேத்தா ரெண்டும் கொளகொளத்துப் போவும். இதுல கொஞ்சம் அதுக்கு, அதுல கொஞ்சம் இதுக்கு. எவ்வளவுன்னு இங்கன இருந்தா எனக்குத் தெரியாது மாப்ள. நீ முக்குல நின்னு கையைக் காட்டு" என்றார்.

மாப்பிள்ளை வேட்டி சட்டையோடு கோயில் முக்குக்கு ஓடினேன். அங்கே நின்றால் இரண்டு குழாயும் கலந்து கேட்டது. பெண் தெருவில் தனியாக என்ன கேட்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் பார்த்தேன். பெண் வீட்டு வாசலில், தலையில் வெள்ளை வலைத்துணியோடு, கல்யாணப் பெண்ணே வந்து நின்றாள். அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. குழாயைக் காட்டி, கேட்கிறதா என்று கையால் கேட்டேன். இல்லையென்று தலையை அசைத்தாள். அத்தான் பக்கம் திரும்பி உள்ளங்கையை மேலே தூக்கினேன். மறுபடி அவளைப் பார்த்தேன். இல்லை. இன்னும் தூக்கினேன். திடீரென்று அவள் தலை மேலும் கீழும் ஆடியது. முட்டியை மடக்கினேன். அத்தான் கை நின்றது. பாட்டு முடியும்போது கோயில் மணி அடித்தது. அவள் வாசப்படி தாண்டினாள். சாயங்காலம் அத்தான் திருகைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார். "சாமியாருக்கு மின்னாலயே ஒங்க ரெண்டு பேத்தையும் சேத்து வச்சது இதுதாம்லே."

அத்தான் போய்ப் பல வருஷமாகிவிட்டது. இப்போது மருமகள் துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துத் தரும் கிளியரிங் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். நாளெல்லாம் போனில் பேச்சு. நான் பெட்டியில் பாட்டுப் போட்டால் அவளுக்கு இடைஞ்சல் என்று ஹெட்போன் வாங்கித் தந்தாள். போட்டேன். அரை மணிக்குள் தலை கனத்தது. பழைய பாட்டில் குரல் இடது காதுக்குள் ஈ மாதிரி உட்கார்ந்துகொண்டது, கொட்டு வலது காதில். மூளைக்கு நடுவே யாரோ சுவர் எழுப்பியதுபோல இருந்தது. "ஒன் மிஷினு பெரிய தப்புப் பண்ணுது" என்றேன். அவள் கோபிக்கவில்லை. எங்கேயோ தேடி, பாட்டுப் போடும் மென்பொருளோடு கிராஸ்ஃபீட் என்ற ஒன்றைச் சேர்த்தாள்.

"பெட்டியில கேட்டா இடது பக்கத்துச் சத்தம் வலது காதுக்கும் போவும் மாமா. தலையைச் சுத்திக்கிட்டுப் போறதால ஒரு பொடி பிந்திப் போவும், கொஞ்சம் மங்கலாப் போவும். ஹெட்போன்ல அது கிடையாது. இது அதைச் செஞ்சு விடுது" என்றாள்.

"எங்க அத்தான் செஞ்சதுதான். பிந்தி விடுதது மட்டும் அவுகளுக்குத் தெரியாது" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரையில் ஒரு கோடும் அதில் நகரும் ஒரு பொத்தானும் உண்டு. அதில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கத் தள்ளினால் எல்லாம் நடுவில் குவிந்து கொளகொளத்துப் போகும். பழைய பாட்டுக்குப் பாதிக்குக் கொஞ்சம் கீழே. புதுப் பாட்டுக்குத் தொட்டும் தொடாமலும். குரல் காதைவிட்டு இறங்கி முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அங்கே நிறுத்த வேண்டும். தலைகனம் போயிற்று, காலையிலிருந்து சாப்பாடு வரை கேட்கிறேன்.

போன வாரம் என் வீட்டுக்காரியை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டி, அன்றைய பாட்டைப் போட்டேன். பொத்தானை அடியில் வைத்தேன்.

"ஒரு காதுல பாடுதான், ஒரு காதுல கொட்டுதான்" என்று முகத்தைச் சுளித்தாள்.

மெல்லத் தள்ளினேன். என்னை அறியாமல் என் இடது உள்ளங்கை மேலே போயிற்று. அவள் இல்லையென்று தலையை அசைத்தாள். இன்னும் தள்ளினேன். இல்லை. இன்னும் ஒரு பொடி. தலை மேலும் கீழும் ஆடியது. முட்டியை மடக்கினேன்.

"ஒங்க அத்தான் இதைவிட வெரசா முடிச்சாவ" என்றாள். மவுசுக்குப் பக்கத்தில் கிடந்த திருகை எடுத்துக் கரகரவென்று ஒரு சுற்றுச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மொதல்ல இருந்து போடுங்க. அன்னைக்கு எனக்கு ஆரம்பம் கேக்கல."