தாய்மாமன் மடி

போன ஞாயிறு என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலில். தாய்மாமன் நான்தான். ஆகவே மடியும் என்னுடையதுதான்.

மடி என்றால் சும்மாவா? பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பிள்ளையை மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்ற மாமன்களுக்கு வேட்டி கசங்குமே என்று கவலை. எனக்கு...

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் எலும்புகளுக்கு அளவு தெரியாது. முழங்கால், தொடை, கணுக்கால் என்று கண்ட இடத்தில் கட்டி கட்டியாக வளர்ந்து கிடக்கின்றன. அவை நரம்பை அழுத்தும், சதையை உரசும். காலையில் வலி எனக்கு முன்பே எழுந்துவிடும்.

அப்பாவுக்கும் இதேதான். அவர் பால் மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. "பால் வாளி தூக்கித் தூக்கி வந்தது" என்று தோட்டமே சொன்னது. யார் சந்தேகப்படுவார்கள்? லயத்து வீடுகளில் முட்டி வலிக்காதவர் யார்? எனக்குச் சின்ன வயதிலேயே வந்தபோதும், "லீவு நாள்ல வாளி தூக்கினான்லா" என்று முடித்துவிட்டார்கள். அப்பா அதோடு என்னை ரப்பர் காட்டுக்குக் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டார். தைலம் தேய்த்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார்.

ரவாங்கில் ஆபீஸ் வேலை எனக்கு. பேனாவைத் தவிர எதையும் தூக்கவில்லை. வலி மட்டும் போகவில்லை. கோலாலம்பூர் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரேயைப் பார்த்து நீளமாக ஒரு பெயர் சொன்னார். பரம்பரையாக வருவதாம், அபூர்வமாம். பெயர் இருக்கிறது... மருந்து இல்லை.

தங்கைக்கு முதுகுப் பக்கம், தோளுக்குக் கீழே ஒரே ஒரு கட்டி. வலி கிடையாது. யோகக்காரி. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பயம்தான், வேறென்ன? அதனால் என் மடிக்கு இதைவிட்டால் வேறு வேலை வரப்போவதில்லை. எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று எவ்வளவு ஆசை தெரியுமா?

தங்கை வீட்டுக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "மச்சான், நாற்காலி போடவா? இல்ல, ஒங்க சித்தப்பா மகன் ஒக்காரட்டுமா? அவரும் மாமன் மொறதானே?"

நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"முடியும் மாப்ளே."

எப்படி உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தார்கள்—சரியாகத் தொடைக் கட்டியின் மேல். ஆசாரி ஊசியை எடுத்தார். அவள் வீறிட்டாள். என் கண்ணிலும் தண்ணீர்.

"மாமனுக்குப் பாசம் அதிகம்லா," என்றார் ஆசாரி.

பாசம்தான்... பாதி.

"மாமா, கொஞ்சம் சிரிங்க. பிலிம் முடியப் போவுது," என்றார் போட்டோ எடுக்க வந்தவர். சிரித்தேன்.

எல்லோரும் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை மட்டும் அவள் முழங்காலுக்குப் போய்விட்டது. அங்கிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்தேன். அவளுக்கு மூன்று வயது. கட்டி தெரிய ஆரம்பிக்கும் வயது அதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அழுகிற பிள்ளைக்குச் சீனி ஊட்டக் குனிந்த தங்கை, என் காதருகில் சொன்னாள்.

"தேடாதீங்கண்ணே. தெனமும் குளிப்பாட்டுறப்ப நான் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னிக்குக் காலைல வரைக்கும் ஒண்ணும் இல்ல."

எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் வந்துவிடுமோ என்று பயம். இத்தனை நாள் அவள் தனியாகத் தேடியிருக்கிறாள். பிள்ளையின் காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

காது குத்தி முடிந்ததும் பிள்ளை என் மடியிலிருந்து இறங்கிக் கோயிலைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் வந்தார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடுவதையே பார்த்தேன். ஓடினால் உடம்பு எப்படி இருக்கும்? எனக்கு மறந்தே போய்விட்டது. பொறாமை இல்லை... ஏக்கம்தான். அவள் இன்னும் கொஞ்சம் ஓடமாட்டாளா என்று இருந்தது.

அந்தச் சாமியிடம் எப்போது போனாலும் இந்த வலியை எடுத்துக்கொள் என்றுதான் கேட்பேன். அன்று மாற்றிக் கேட்டேன்.

வலி என்னிடமே இருந்துகொள்ளட்டும்... வேறு வீடு பார்க்க வேண்டாம்.