ஆண்கள் வலைப்பந்து

கிளெமென்ற் வலன்ரைனுக்குத் தமிழ் தெரியும் என்பதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய கந்தோர்தான். அதுவரை அவருக்கே அது அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை.

கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பிரிவில் ஆங்கிலத் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தவர் அவர். அறிவித்தல்கள் எல்லாம் இனித் தமிழிலும் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்த அன்று, பிரதிப் பதிவாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் கந்தோரை ஒரு சுற்றுப் பார்த்தார். “கிளெமென்ற், நீங்கள் தமிழர்தானே?” என்று சிங்களத்தில் கேட்டார். ஆமர் வீதிச் சோதனைச் சாவடியில் போகும்போதும் வரும்போதும் கேட்கிற அதே கேள்வி. அங்கே ஓம் என்றால் பையைத் திறந்து காட்ட வேண்டும். இங்கே ஓம் என்றதற்குப் பதவி கிடைத்தது: பதில் தமிழ் மொழிபெயர்ப்பாளர், நிரந்தரமாகும்வரை தற்காலிகமாக.

கிளெமென்றின் தமிழ், கொட்டாஞ்சேனைக் கோவில் செபப் புத்தகத்தில் பிறந்து அங்கேயே நின்றுவிட்ட தமிழ். விடுதி ஒழுங்குகளை மொழிபெயர்த்தபோது, “இரவு எட்டு மணிக்குமேல் வெளியே செல்லாதிருப்பீர்களாக” என்று எழுதினார். தண்ணீர் வெட்டு அறிவித்தலைப் படித்த மாணவர்கள் ஆமென் சொல்லிக்கொண்டு வாளியைத் தூக்கினார்கள். ஆனால் கந்தோரில் அதை வாசிக்கக்கூடியவர் எவரும் இல்லை. ஆறு வருடம் பதில் கடமை பார்த்தார். பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் பதவியை நிரந்தரமாக்கும் கோப்பு ஒருவழியாகப் பிரதிப் பதிவாளரின் மேசைக்கு வந்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. ஓய்வு பெறும்போது தட்டெழுத்தாளர் என்று போகக்கூடாது, மொழிபெயர்ப்பாளர் என்று போக வேண்டும். கிளெமென்ற் வாழ்க்கையில் பிடிவாதமாக ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

கோப்பு மேசையில் இருக்கும்போதுதான் கிண்ணம் வந்தது. மேல் பிராந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆண்கள் கூடைப்பந்தாட்டப் போட்டி அந்த வருடம் அவர்களுடைய மைதானத்தில். இரண்டு காது வைத்த பெரிய வெள்ளிநிறக் கிண்ணம். முன்பக்கத்தில் சிங்களமும் ஆங்கிலமும். தமிழுக்குப் பின்பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள். பெருந்தன்மையால் அல்ல, முன்னால் இடம் போதவில்லை.

“பின்னேரத்துக்குள் எழுதித் தாருங்கள்” என்றார் பிரதிப் பதிவாளர்.

பாஸ்கெட்போலுக்குத் தமிழ் என்ன? செபப் புத்தகத்தில் இல்லை. கிளெமென்ற் யன்னலால் எட்டிப் பார்த்தார். மைதானத்துக் கம்பத்தில் துருப்பிடித்த வளையம், வளையத்தில் கிழிந்த வலை, வலைக்குள் விழுகிற பந்து. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘ஆண்கள் வலைப்பந்தாட்டச் சம்பியன்’ என்று அழகாக எழுதிக் கொடுத்தார். தமிழ் சரியென உறுதிப்படுத்துகிறேன் என்று, தமிழ் தெரியாத பிரதிப் பதிவாளர் கீழே கையொப்பம் வைத்தார்.

எழுத்து வெட்டிய கிண்ணத்தை இறுதிப் போட்டிக்கு முதல்நாள் கடையில் எடுத்துக்கொண்டு கிளெமென்ற் வீட்டுக்கு வந்தார். சாவடியில் ஆமிக்காரன் கிண்ணத்துக்குள் கையை விட்டுத் துழாவி, முன்பக்கத்துச் சிங்களத்தை வாசித்து, “ஜய வேவா!” என்று வாழ்த்தி அனுப்பினான். வீட்டில் மனைவி கொன்ஸ்ரன்ஸ் பின்பக்கத்தை வாசித்தாள்.

“இஞ்சேருங்கோ, இதென்ன, ஆம்பிளையளும் நெட்போல் விளையாடத் தொடங்கிட்டினமோ?”

“நெட்போல் இல்லையப்பா, பாஸ்கெட்போல்.”

“இதில வலைப்பந்தெண்டல்லோ கிடக்கு. வலைப்பந்தெண்டா நெட்போல். கொன்வென்ற்றில நாலு வருசம் விளையாடினனான், எனக்குத் தெரியாதே? பாஸ்கெட்போல் கூடைப்பந்து. ஐயோ, ஆறடிப் பெடியளுக்குப் பாவாடை கட்டி விட்டிருக்கிறியள்.”

கிளெமென்ற் கிண்ணத்தைத் திருப்பி வைத்தார். “இனி என்ன செய்யிறது, வெட்டியாச்சே.”

“நாளைக்குக் காலமை போய்ச் சொல்லுங்கோ, பிழை விட்டிட்டனெண்டு.”

“சொன்னா, கோப்பு?”

“அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. ஆனா கோப்பைப் பாத்துக் கும்பிடாதேங்கோ, மாதா கோவிக்கப்போறா.”

மறுநாள் அவர்களுடைய அணிதான் வென்றது. அணித்தலைவன் ஸவாஹிர், மாளிகாவத்தைத் தொடர்மாடியில் வளர்ந்த நெடியவன். கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கினான், படத்துக்கு நின்றான், பிறகு திருப்பிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைக் கண்டு, கிளெமென்ற் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

ஒரு கிழமை கழித்து ஸவாஹிரிடமிருந்து கடிதம் வந்தது, தமிழில். ‘மேல் பிராந்தியத்தை வென்ற எங்களைப் பெண்பிள்ளைகளின் விளையாட்டில் சம்பியன் ஆக்கியவர் யார்? கிண்ணத்தைத் திருத்தித் தரவும்.’ தமிழ்க் கடிதம் வந்தால் பிரதிப் பதிவாளர் என்ன செய்வார்? மூலையில் சிவப்பு மையால் ‘மொழிபெயர்த்துத் தரவும்’ என்று எழுதி, மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புவார். தன்மேல் வந்த முறைப்பாடு தன் மேசைக்கே வந்து சேர்ந்ததைக் கிளெமென்ற் தேவசெயல் என்றே எடுத்துக்கொண்டார். ஒரு மணித்தியாலம் வேர்க்க விறுவிறுக்க மொழிபெயர்த்தார். ‘கிண்ணத்தில் தமிழுக்கு இடம் தந்த பிரதிப் பதிவாளருக்கு அணியின் மனமார்ந்த நன்றி.’

கொஞ்சம் குறைத்து நன்றி சொல்லியிருக்கலாம். இருபது வருடச் சேவையில் ஒரு மாணவன்கூட நன்றி சொல்லாத அந்த மனிதர் உருகிப்போனார். “அந்தப் பிள்ளையைத் தேநீருக்குக் கூப்பிடுங்கள். நீங்களும் இருங்கள், கதைத்துச் சொல்ல ஆள் வேணுமே.”

கிளெமென்ற் அதற்கும் பயப்படவில்லை. தமிழில் எழுதியவன் தமிழில் பேசுவான். இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டார். தமிழில் எழுதுவது அவன் உரிமை, சிங்களம் அவன் தெருவில் பந்தடித்த மொழி என்பது அவர் மூளையில் ஏறவேயில்லை.

ஸவாஹிர் வந்து இருந்தான். பிரதிப் பதிவாளர், “உங்கள் நன்றிக் கடிதம் என் மனதைத் தொட்டது” என்று சிங்களத்தில் ஆரம்பித்தார். கிளெமென்ற் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்க்கத் தயாராகுமுன், ஸவாஹிர் அவரைவிடச் சுத்தமான சிங்களத்தில் சொன்னான்:

“நன்றியா சேர்? நான் முறைப்பாடல்லவா எழுதினேன்? கிண்ணத்தின் பின்னால் தெல்பந்து என்று வெட்டியிருக்கிறது.”

பிரதிப் பதிவாளரின் மகள் பாடசாலையில் தெல்பந்து, அதாவது நெட்போல், விளையாடுகிறவள். வலைப்பந்தை அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கிளெமென்றைப் பார்த்தார்.

மாளிகாவத்தைத் தமிழ் வேறு, கொட்டாஞ்சேனைத் தமிழ் வேறு என்று சொல்லிப் பார்ப்போமா என்று கிளெமென்ற் ஒரு கணம் யோசித்தார். பிறகு, “பிழைதான் சேர்” என்றார். “கடிதமும் பிழையாகத்தான் மொழிபெயர்த்தேன். வேண்டுமென்றே.”

பிரதிப் பதிவாளர் கோப்பைத் திறந்தார். இவரை நிரந்தரமாக்காவிட்டால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் மேலே கேட்பார்கள், தமிழ் சரியென்று உறுதிப்படுத்தியது யார் என்று. அந்தக் கையொப்பம் யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கோப்பில் ‘சிபாரிசு செய்கிறேன்’ என்று எழுதினார். பியோனைக் கூப்பிட்டு, கண்ணாடி அலுமாரியில் கிண்ணத்தின் தமிழ்ப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைக்கச் சொன்னார். பிறகு ஸவாஹிரிடம், “இனித் தமிழில் வெளியே போவதெல்லாவற்றையும் நீங்கள் ஒருமுறை பார்த்து விடுங்கள் மகன்” என்றார்.

“பார்க்கலாம் சேர். மைதானத்து வளையம் இரண்டு வருடமாகத் துருப்பிடித்து, வலை கிழிந்து கிடக்கிறது” என்றான் ஸவாஹிர்.

இரண்டு வருடம் நகராத வளையம் இரண்டே நாளில் வந்தது.

கிளெமென்றின் நியமனக் கடிதமும் வந்தது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். தமிழ்ப் பிரதியை ஒழுங்குப்படி மொழிபெயர்ப்பாளரே தயாரிக்க வேண்டும். தன் பதவி உயர்வைத் தானே தமிழில் எழுதிக்கொண்டு, மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து பின்னேரம் ஐந்து மணிவரை அவர் காத்திருந்தார். பயிற்சி முடிந்த ஸவாஹிர் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வியர்வை கடிதத்தில் சொட்டச் சொட்ட வாசித்தான்.

“எல்லாம் சரியா தம்பி?”

“ஒரு எழுத்து மட்டும் அங்கிள். இதுக்குச் சின்ன ‘ர’ வரும், நீங்க பெரிய ‘ற’ போட்டீக்கிறீங்க.” பேனாவை வாங்கித் திருத்தினான். “நிரந்தரம்னு எழுதத் தெரியாமயே நிரந்தரமாகிட்டீங்களே.”